ஊசித் தடம்

பழைய துப்பாக்கி ஒன்றைக் கையிலெடுத்து, இது எந்தெந்தத் திசைக்குப் போயிருக்கும், யார் யார் தோளில் தொங்கியிருக்கும், எந்தக் களத்தில் வெடித்திருக்கும் என்று விசாரிக்கத் தொடங்குகிற மனிதனின் ஆவலைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழம்பொருளைக் கண்டவுடன் அதன் பூர்வோத்தரம் கேட்பது மனித சுபாவம். ஆயினும், அமெரிக்கக் குதிரைப்படை சுமந்த 1873ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் எனும் குட்டைத் துப்பாக்கிகளின் சேவை வரலாற்றைத் தேடுவோர் எழுதுவதைப் படிக்குந்தோறும் என் மனத்தில் ஒரு சஞ்சலம் எழுகிறது; ஆண்டுகள் போயும் அது ஆறவில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகள் பல. ஆனால் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து அடங்கிவிடுகின்றன. 1876 ஜூன் 25ஆம் தேதிப் பிற்பகலில், மோண்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றை ஒட்டிய புல்மேடுகளில், லகோட்டா, ஷையன் பழங்குடி வீரர்களோடு நடந்த சண்டையில், ஏழாவது குதிரைப்படையை நடத்திச் சென்ற ஜார்ஜ் கஸ்டரும் அவரைத் தொடர்ந்து சென்ற இருநூற்றுச் சொச்சம் பேரும் ஒருவர் மிச்சமின்றி மடிந்தபோது இந்தத் துப்பாக்கி அங்கே இருந்ததா என்பதே அது. இருந்தது என்று ருசுவானால் அதே இரும்பும் அதே மரமும் தெய்வாம்சம் பெற்றவைபோல் ஆகிவிடுகின்றன. இல்லையென்றானால், எங்கோ ஒரு கோட்டை வாயிலில் பத்து மாரிக்காலம் பனியில் நனைந்து காவல் நின்ற அதன் ஆயுள் முழுவதும் ஒரு பெருமூச்சோடு தள்ளுபடியாகிறது. ஒரு பொருளின் நீண்ட வாழ்க்கையை ஒரு பிற்பகலுக்குள் குறுக்கிப் பார்க்கத் துடிக்கும் இந்த வேட்கை எத்தகையது? அந்தப் பிற்பகலில் அங்கே நடந்தது சாவு ஒன்றுதான் எனும்போது, நாம் அந்தத் துப்பாக்கிக்கு வேண்டிக்கொள்ளும் பாக்கியம்தான் என்ன?

பொருளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த அரசாங்க ஆயுதச்சாலையில் செய்யப்பட்ட இந்தக் கார்பைனின் குழல் 22 அங்குல நீளம். எடை ஏறத்தாழ ஏழு ராத்தல். குதிரைமேல் போகிறவன் தோளுக்குக் குறுக்கே அகலமான தோல்வார் ஒன்றை அணிந்து, அதன் கொக்கியைத் துப்பாக்கியின் இடப்பக்கத்து இரும்பு வளையத்தில் மாட்டிக்கொள்வான். குதிரை நடக்கும் நடையெல்லாம் அந்த வளையம் அசைந்து உரசி மரத்தில் ஒரு பள்ளத்தைத் தேய்த்துவிடும். எர்ஸ்கின் ஆலின் என்ற தலைமை ஆயுதக் கம்மியர் வகுத்த முறைப்படி, குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டு முன்பக்கத்துக் கீலில் தூக்கித் திறக்கும். தோட்டாவை இட்டு, மூடி, சுட்டுவிட்டு, மறுபடி திறந்தால் காலிக் கூடு பின்னால் தெறித்து விழும். தோட்டாவுக்குள் 55 கிரெயின் கருமருந்து. முனையில் 405 கிரெயின் எடையுள்ள ஈயக்குண்டு. கூடு தாமிரத்தால் ஆனது. தாமிரம் மென்மையான உலோகம். வார்த்தோலின் துவர்ப்புப் பட்டால் அதில் பச்சைக் களிம்பு பூக்கும்; வெடிச்சூட்டில் விரிந்து, மருந்துக் கசடோடு சேர்ந்து, அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். திறக்கும்போது விளிம்பு மட்டும் கிழிந்து வர, கூடு உள்ளேயே தங்கிவிடும். அதைக் குத்தித் தள்ளும் துடைப்புத்தடியைக் கார்பைனோடு கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. 1877ஆம் ஆண்டு மாதிரியில்தான் அடிக்கட்டைக்குள் குழி குடைந்து அதை வைத்தார்கள். அதுவரை சிப்பாய்க்குக் கத்திமுனைதான் கதி. லிட்டில் பிக்ஹார்ன் போர் முடிந்த அடுத்த மாதமே, கஸ்டருக்குக் கீழ் இருந்த மேஜர் ரீனோ ஆயுத இலாகாத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தம் வசமிருந்த 380 கார்பைன்களில் ஆறு இவ்வாறு உபயோகமற்றுப் போயின என்று தெரிவித்தார். கணக்காகப் பார்த்தால் சின்னப் பின்னம்தான். ஆனால் புகையிலும் புழுதியிலும் முழந்தாளிட்டு, கத்தியை அறைக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருந்த அந்த ஆறு பேரில் ஒருவனுக்கு அது பின்னமாகத் தோன்றியிராது.

இனி ஏடுகளின் சங்கதி. ஏழாவது குதிரைப்படையில் சேர்ந்த ஒவ்வொருவனைப் பற்றியும் அவனுடைய பெயர், பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், தலைமயிரின் நிறம், மேனி நிறம் அனைத்தையும் எழுதிவைத்தார்கள். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலேறி வந்த எத்தனையோ ஏழை இளைஞர்களின் சாயல் அந்த வரிகளில் மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது. குதிரைகளைக்கூட நிறம் பார்த்துப் பிரித்தார்கள். இ கம்பெனிக்குச் சாம்பல் நிறக் குதிரைகள் என்பது பிரசித்தம். துப்பாக்கிகளுக்கு அந்த மரியாதை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கம்பெனித் தலைவரும் மேலிடத்துக்கு அனுப்பிய ஆயுதக் கணக்கில், கையிருப்புக் கார்பைன் இத்தனை, ரிவால்வர் இத்தனை, தோட்டா இத்தனை என்று தொகை மட்டும் இருக்கும். கிராமக் கர்ணம் புறம்போக்கில் நிற்கும் பனைகளை எண்ணி அடங்கலில் ஏற்றும்போது, மின்னல் தாக்கிய பனை எது, தூக்கணாங்குருவி கூடு கட்டிய பனை எது என்று பார்க்காமல் தொகையை மட்டும் எழுதுவதுபோல. ஒவ்வொரு கார்பைனின் பின்வாய்ச் சட்டத்து வாலிலும் ஓர் எண் வெட்டப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அந்த எண் காகிதத்தில் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தாக வேண்டும். ஆற்றைக் கடக்கையில் தொலைந்தது, திருடு போனது, பழுதென்று திருப்பி அனுப்பப்பட்டது, படையை விட்டு ஓடியவன் எடுத்துப் போனது என்று வந்தபோதுதான் குமாஸ்தா பேனாவைத் தொட்டு எண்ணைக் குறித்தான். அந்தக் காலத்து அமெரிக்கப் படையில் ஓடிப்போவது அபூர்வமான காரியமும் அன்று. 1871இல் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓடியிருக்கிறார்கள். பிராங்க் மாலரி என்ற ஆராய்ச்சியாளர் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் கட்டுகளை வருஷக்கணக்கில் புரட்டி, இவ்விதம் சிதறிக் கிடந்த எண்களைப் பொறுக்கித் தொகுத்தார். அந்தத் தொகுப்புகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. கடைசிவரை ஒழுங்காக நின்று, தினமும் எண்ணெய் பூசப்பட்டு, தன் முறை வந்தபோது வெடித்து, பிறகு ஆயுதக் கொட்டிலுக்குத் திரும்பிய துப்பாக்கியைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை இல்லை. இருட்டில் எவனோ ஒருவனோடு ரயிலடியை நோக்கி ஓடிப்போன துப்பாக்கிக்கோ எண், தேதி, கம்பெனி, கையொப்பம் அனைத்தும் இருக்கின்றன.

எழுத்து கைவிட்ட இடத்தில் ஆராய்ச்சியாளன் பொருளையே சாட்சிக்கு அழைக்கிறான். ஏறத்தாழ 43,700க்கு உட்பட்ட எண்ணாக இருந்தால் 1876 கோடைக்குமுன் செய்யப்பட்டிருக்கலாம் என்பது சேகரிப்போர் வைத்திருக்கும் எல்லைக்கோடு. ஆனால் எண் வெட்டியிருப்பது பின்வாய்ச் சட்டத்தில் மட்டும். அதனோடு சேர்ந்திருக்கும் மற்ற உறுப்புகளுக்கு அது ஜாமீன் ஆகாது. ராணுவம் சிக்கனம் தெரிந்த எஜமான். பழைய கார்பைன்களைத் திரும்ப வரவழைத்து, உடைந்த கட்டையை மாற்றி, புதிய குறிகாட்டியைப் பொருத்தி, மீண்டும் அனுப்பியது. 1874இல் பிறந்த சட்டத்தின்மேல் எஸ்.டபிள்யூ.பி. என்ற மேற்பார்வையாளர் முத்திரையும் 1880களின் ஆண்டும் பதித்த மரம் ஏறியிருப்பதைக் காணலாம். குதிரைப்படை அரையில் கட்டிய கோல்ட் ரிவால்வர்களின் கதை இன்னும் துயரமானது. 1895 முதல் அவற்றை ஆயிரக்கணக்கில் கழற்றி, ஏழரை அங்குலக் குழல்களை ஐந்தரை அங்குலமாக அறுத்து, உறுப்புகளைக் குவித்து, கைக்கு வந்ததை வந்ததோடு பூட்டினார்கள். ஆகவே ஒரே ரிவால்வரில் சட்டம் ஒரு துப்பாக்கிக்கும், குழல் மற்றொன்றுக்கும், பிடி வேறொன்றுக்கும் உரியதாக, மூன்று நான்கு எண்கள் ஓருடலில் குடியிருக்கின்றன. இவற்றில் எது போருக்குப் போனது என்று கேட்பதா, எது போகவில்லை என்று கேட்பதா? ஸ்பெயினோடு நடந்த 1898 யுத்தத்துக்குப் பிறகு நியூயார்க்கின் பான்னர்மன் போன்ற வியாபாரிகள் வேண்டாத ஆயுதங்களை மலைமலையாக ஏலத்தில் எடுத்து விற்றார்கள். நீளத் துப்பாக்கிகளின் குழலைக் குறுக்கி, மரத்தைச் செதுக்கி, கார்பைன் உருவத்தில் விற்பதும் நடந்தது. சரித்திரத்தின்மேல் ஆசை வைத்தவன் முன்னே இப்படி ஒரு காடு விரிந்து கிடக்கிறது. அவன் கையிலிருப்பது ஓர் எண்ணும் அளவற்ற நம்பிக்கையும். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். விலை ஏறவேண்டும் என்பதற்காக அதை வைத்திருப்பவனைக் காட்டிலும், வெறும் தெரிந்துகொள்ளும் தாகத்தால் ராப்பகலாய் அதில் உழல்பவனை மிக மதிக்கிறேன்.

இந்த மயக்கத்துக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு தெளிவு வந்தது. 1983 ஆகஸ்டில் லிட்டில் பிக்ஹார்ன் மேடுகளில் காட்டுத்தீ பரவி, நூறு வருஷத்துப் புல்லும் புதரும் கருகின. நிலம் தன் எலும்பைக் காட்டியது. மறு ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள், உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் கருவிகளோடு தொண்டர்களை வரிசையாக நடக்கவிட்டு, ஒலித்த இடத்திலெல்லாம் சிறுகொடி நட்டு, தோண்டியெடுத்த ஒவ்வொரு குண்டும் கூடும் எந்த அங்குலத்தில் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதைப் படத்தில் குறித்தார்கள். பிறகு அந்தக் காலிக் கூடுகள் நெப்ராஸ்கா மாநிலக் காவல்துறையின் தடயப் பரிசோதனைக்குப் போயின. நேற்று நடந்த கொலையில் சுட்ட துப்பாக்கி எது என்று கண்டுபிடிக்கும் அதே முறை. விசையை இழுத்ததும் சுத்தி விழுந்து, ஊசி பாய்ந்து கூட்டின் அடியைக் குத்துகிறது. எந்த இரு துப்பாக்கியின் ஊசி முனையும் நுணுகிப் பார்த்தால் ஒன்றுபோல் இராது. அந்தக் குத்தின் வடிவம் தாமிரத்தில் நிற்கிறது. சிப்பாயைக் கத்தி எடுக்கவைத்த அதே மென்மை, நூறாண்டு மண்ணுக்கடியில் அந்த வடுவைக் காத்துவைத்திருந்தது. ஒரே ஊசியின் தடம் இந்த மேட்டில் ஒன்று, அந்தச் சரிவில் இரண்டு, ஓடையருகே இன்னொன்று என்று கிடைத்தபோது, ஒரு துப்பாக்கி அந்தப் பிற்பகலில் நடந்த பாதையை வரைபடத்தில் கோடாக இழுக்க முடிந்தது. சேகரிப்புகளில் இருந்த பழந்துப்பாக்கிகள் சிலவற்றைச் சோதனைக்காகச் சுட்டு, அவற்றின் தடத்தை மண்ணில் கிடைத்த தடத்தோடு ஒப்பிட்டதில் மிகச் சில பொருந்தின. குமாஸ்தா எழுதாமல் விட்டதைத் துப்பாக்கி தானே எழுதியிருக்கிறது. ஆனால் அது எழுதுவது வெடிக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும். தோளில் தொங்கிய நாளெல்லாம் அதற்கு மௌனம். ஒருவனைக் கொல்லவோ கொல்லப்படாமல் தப்பவோ ஒரு விரல் வளைந்தபோதுதான் அது கையொப்பமிட்டது. என் சஞ்சலம் இங்கே குறைவதற்குப் பதில் ஆழமாகிறது. ஏனெனில் நாம் தேடும் நிச்சயம், அந்த விரலின் வளைவை விட்டு ஒருபோதும் பிரித்தெடுக்க முடியாத நிச்சயமாக இருக்கிறது.

யாருடைய விரல்? தொல்லியலாளர்களின் வரைபடத்தை என்னை நெடுநேரம் பார்த்திருக்க வைத்த கேள்வி இது. கஸ்டர் விழுந்த மேட்டுக்கு நான்கு மைலுக்கு அப்பால், அதே படையின் அதிகாரிகளான ரீனோவும் பென்டீனும் தம் ஆட்களோடு முற்றுகையில் கிடந்த குன்றின் பக்கமும் கார்பைன் கூடுகள் கிடைத்தன. கஸ்டர் களத்தில் சுட்ட சில துப்பாக்கிகள் பிறகு அந்தக் குன்றை நோக்கியும் சுட்டிருக்கின்றன. வைத்திருந்தவன் செத்து, எடுத்தவன் லகோட்டாவோ ஷையனோ ஆகி, அதே ஊசி அதே தாமிரத்தில் அதே வடிவத்தைக் குத்தியிருக்கிறது. கை மாறியதை ஊசி அறியவில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஓர் எண்ணின் சேவை வரலாறு என்று நாம் எழுதும் தாள், ராணுவத்திடம் அது இருந்த காலத்தை மட்டும் எண்ணுகிறது. எதிரி கையில் இருந்த மாதங்கள் தொலைந்த காலமாக, ஒரு வெற்றிடமாக நிற்கின்றன. அந்த மாதங்களில்தான் அது எருமை வேட்டைக்குப் போயிருக்கும், ஒரு கூடாரத்தின் சூட்டில் குழந்தைகள் தூங்கும் இடத்துக்கருகே சார்த்தியிருக்கும், உடைந்த கழுத்தில் பச்சைத்தோலை இறுகத் தைத்துக் காயவிட்டு இரும்புபோல் கெட்டியாக்கியிருப்பார்கள், மரத்தில் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்து அலங்கரித்திருப்பார்கள். 1877 மே 6ஆம் தேதி லகோட்டா தலைவர் கிரேஸி ஹார்ஸ் ஏறத்தாழ 900 பேரோடு நெப்ராஸ்காவில் ராபின்சன் படைமுகாமுக்கு வந்து சரணடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளும் ரிவால்வர்களும் ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைத்த கணம் அவை திரும்பவும் தொகையாயின.

சேவையின் தொடக்கத்தைப் பற்றியும் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஏழாவது படைக்கு இந்தப் புதிய கார்பைன்கள் கிடைத்தது 1874 கோடையில். கிடைத்த சூட்டோடு அதன் பத்துக் கம்பெனிகள் ஜூலை 2ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கோட்டையிலிருந்து, நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளும், பாண்டு வாத்தியமும், ஒரு புகைப்படக்காரரும் உடன்வர, கருங்குன்றுகளுக்குப் புறப்பட்டன. 1868 ஒப்பந்தப்படி அந்தக் குன்றுகள் லகோட்டா மக்களுக்குரியவை; அவர்கள் பஹா ஸாபா என்று போற்றும் பூமி. அந்தப் பயணத்தில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆகவே அதில் ஒரு துப்பாக்கி கலந்துகொண்டது என்று சொன்னால் யாருக்கும் மயிர்க்கூச்செறியாது. ஆனால் உடன் சென்றவர்கள் ஓடையில் பொன் கண்டார்கள். செய்தி கிழக்கே பறந்தது. பொன்வெறி பிடித்த கூட்டம் குன்றுகளில் ஏறியது. நிலத்தை விற்கச் சொல்லிக் கேட்ட அரசாங்கத்துக்கு லகோட்டா தலைவர்கள் இணங்காதபோது யுத்தம் மூண்டது. 1876இன் அந்தப் பிற்பகலுக்கான வித்து, பெரிய சண்டை எதுவும் காணாத அந்த இரண்டு மாத உலாவில் விதைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கார்பைனின் வரலாற்றில் இதைவிட முக்கியமான பக்கத்தை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. தாமிரத்தில் தடம் விழாத பக்கம் அது. அதனால் பக்கமே இல்லை என்பதுபோல் கடந்துவிடுகிறோம்.

இதே ஏழாவது படை, இதே ஸ்பிரிங்ஃபீல்டு வம்சத்துக் கார்பைன்களின் பிந்திய மாதிரியை ஏந்தி, 1890 டிசம்பர் 29ஆம் தேதி காலையில் தெற்கு டகோட்டாவில் உண்டட் நீ ஓடைக்கரையில் நின்றது. பிக் ஃபுட் என்ற தலைவரோடு வந்திருந்த சுமார் 350 லகோட்டாக்களை ஏறத்தாழ 500 சிப்பாய்களும் நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகளும் சூழ்ந்திருந்தன. முடிவில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாய் 146 பேரை ஒரே பள்ளத்தில் புதைத்தார்கள். புதைக்கப்படாமல் உறவினர் எடுத்துப்போனவர்களையும் சேர்த்தால் தொகை 300ஐ நெருங்கும் என்பாரும் உண்டு. அன்றைய காரியத்துக்காகப் படைக்குப் பின்னர் கிடைத்தது ஏறத்தாழ 20 கௌரவப் பதக்கங்கள். லிட்டில் பிக்ஹார்னில் இருந்ததா என்று ஏங்குகிற அளவுக்கு, இங்கே இருந்ததா என்று ஒரு துப்பாக்கியைப் பற்றி ஏங்கக் கேட்டதில்லை. முன்னதில் செத்தவர்கள் சிப்பாய்கள். பின்னதில் சாகடித்தவர்கள் சிப்பாய்கள். இந்த வேறுபாட்டைத் தாண்டி வேறு காரணம் சொல்வார் இருந்தால் நான் கேட்கத் தயாராயிருக்கிறேன்.

அன்று காலையில் படை அங்கே வந்த காரியமோ துப்பாக்கி சேகரிப்பதுதான். ஒப்படைத்த தொகை போதவில்லை என்று கூடாரங்களுக்குள் புகுந்து மூட்டைகளை அவிழ்த்தார்கள். படுத்திருந்த பெண்களை எழுப்பிப் படுக்கைக்கடியில் துழாவினார்கள். கோடரியும் சமையற்கத்தியும் சேர்ந்து குவிந்தன. அந்த நேரத்தில் காது கேளாத பிளாக் கொயோட்டி என்ற இளைஞன் தன் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, இதற்கு நான் நிறையப் பணம் கொடுத்திருக்கிறேன், இது என்னுடையது என்று சொன்னதாகப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிப்பாய்கள் பின்னாலிருந்து அவனைப் பற்ற, இழுபறியில் அது வெடித்தது என்பது பரம்பரையாக வரும் சாட்சியம். எண்ணிக்கை சரிபார்க்க வந்தவர்களுக்கு அது இன்னும் வந்துசேராத ஒரு துப்பாக்கி. அவனுக்கோ அது எங்கே வாங்கியது, எதைக் கொடுத்து வாங்கியது என்று சொல்லத் தெரிந்த ஒரே துப்பாக்கி. அதன் வரலாற்றைக் கேட்டிருந்தால் அவன் அங்கேயே, அப்போதே சொல்லியிருப்பான்.